வயிரத்தின் குற்றமும் படிகத்தின் குறையும்: பெங்களூர் ஆய்வுப் பதிவுகளை முன்வைத்து

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், கோவலன் மதுரை நகரை வலம்வரும் ஊர்காண் காதையில், மணிகள் விற்கும் வீதி விரிவாக வருணிக்கப்பெறுகின்றது. அங்கு வைக்கப்பட்டுள்ள வயிரங்கள் எவ்வெக் குற்றங்கள் நீங்கியவை என்பதை இளங்கோவடிகள் பெயர் சுட்டிக் கூறுகின்றார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன அக்குற்றங்கள். காக்கையின் காலடி போன்ற கீற்றும், மாசும், புள்ளியும், கோடும் இல்லாதனவே நல்ல வயிரம் என்பது மணிநூலோர் கொள்கை. வயிரத்தை நால்வகை வருணமாகப் பகுக்கும் மரபும் அவ்விடத்திலேயே பேசப்படுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் நாற்பதுகளில், பெங்களூரில் இருந்த இந்திய அறிவியற் கழகத்தின் இயற்பியல் துறையில், வயிரத்தின் குற்றங்கள் மீண்டும் ஒருமுறை எண்ணப்பட்டன. இம்முறை எண்ணியவர்கள் வணிகர்கள் அல்லர். சி.வி. இராமனும் அவருடைய மாணவர்களும் நிறமாலைமானியையும் எக்ஸ் கதிர்க் குழாயையும் கொண்டு அப்பணியை மேற்கொண்டனர். வியப்பு யாதெனில், இராமனும் வயிரத்தை நான்கு வகையாகவே பகுத்தார். அப்பகுப்பு பின்னர் பிழை எனத் தெளிவாயிற்று. ஆயினும் அப்பகுப்பை நிறுவும் பொருட்டு எடுக்கப்பெற்ற ஒளிப்படங்களும் நிறமாலைகளும் பிழையாகவில்லை. படிகக் குறைபாடுகளை ஆராயும் உலகளாவிய ஒரு துறைக்கு அவை தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாயின. ஆசிரியரின் விளக்கம் வீழ்ந்த பின்னும் மாணவர்களின் பதிவுகள் நின்ற வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணிநூலோர் கண்ட குற்றம்

ஊர்காண் காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், மூலத்தில் உள்ள குற்றங்களின் தொகையை மேலும் விரித்துக் காட்டுகின்றார். அவர் காலத்தில் மணிநூல்கள் வழக்கில் இருந்தன என்பதும், அவற்றைக் கற்ற பிறகே அவர் உரை எழுதினார் என்பதும் இதனால் பெறப்படும். தமிழகத்தின் மணித் தொழிலுக்கு இலக்கியம் மட்டுமே சான்று என்று கூறுவதற்கில்லை. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல் முதலியவற்றை உடைத்துத் தீட்டித் துளையிட்ட தொழிற்கூடங்களை வெளிக்கொணர்ந்துள்ளன. துளையிடும்பொழுது உடைந்த மணிகள் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. கல்லின் எப்பகுதி உளியைத் தாங்கும், எப்பகுதி பிளவுபடும் என்பது அக்கைவினைஞர்க்கு அன்றாட அறிவாக இருந்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழந்தமிழர் அணுக்களின் அடுக்கமைப்பையே அறிந்திருந்தனர் என்று இத்தகைய சான்றுகளைக் கொண்டு முடிவுகட்டுவோர் உளர். காகபாதம் என்னும் சொல்லில் அணுவியல் ஏதும் இல்லை. அது கூர்ந்து நோக்கிய ஒரு கண்ணின் பதிவு. வயிரத்துக்குள் பிளவுத்தளங்கள் வழியே ஓடும் நுண்ணிய வெடிப்புகளையே அச்சொல் குறித்திருக்கக்கூடும். விந்து என்பது வயிரம் உருவாகும்பொழுது அகப்பட்டுக்கொண்ட வேற்றுக் கனிமத் துகளாகலாம். இவ்வளவே கூறத்தகும். ஆனால் இவ்வளவும் சிறிதன்று. ஏன் என்று அறியாமலேயே, எது வேறுபட்டது என்று பெயரிட்டுப் பதிந்து வைத்தல் எல்லா அறிவுக்கும் முதற்படியாகும். பெங்களூரில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே என்பதைப் பின்னர்க் காணலாம்.

வயிரம் ஏன் சிக்கலாயிற்று

வயிரத்தின் அணுவமைப்பு மிகத் தொடக்கத்திலேயே அறியப்பட்டுவிட்டது. பிராக் தந்தையும் மகனும் 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதனைக் கண்டறிந்தனர். ஒவ்வொரு கரியணுவும் நான்கு கரியணுக்களோடு நான்முகி வடிவில் பிணைந்துள்ளது. ஒரே தனிமம், ஒரே வகைப் பிணைப்பு, எங்கும் ஒரே ஒழுங்கு. ஒற்றைப் படிகம் என்னும் கருத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேறில்லை எனத் தோன்றியது.

ஆனால் 1934இல் இராபர்ட்சன், ஃபாக்ஸ், மார்ட்டின் ஆகிய மூவர் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு இவ்வெளிமையைக் குலைத்தது. வயிரங்கள் அனைத்தும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. பெரும்பாலானவை அலைநீளம் குறைந்த புறஊதாக் கதிரைத் தடுத்தன. அகச்சிவப்புக் கதிரில் ஒரு குறிப்பிட்ட பகுதியை உட்கவர்ந்தன. அரிதான சில வயிரங்கள் இவ்விரண்டையும் செய்யாது கதிரைப் போகவிட்டன. முன்னவை முதல் வகை எனவும் பின்னவை இரண்டாம் வகை எனவும் பெயர் பெற்றன. அமைப்பு ஒன்றாயின் இயல்பு இரண்டாவது எவ்வாறு என்னும் வினா எழுந்தது.

இராமனுக்கு வயிரத்தின்மீது இருந்த ஈடுபாடு இதற்கு முற்பட்டது. அவர் பெயரால் அமைந்த விளைவு 1928இல் கண்டறியப்பட்ட பின், 1930இலேயே சி. இராமசாமி வயிரத்தின் இராமன் நிறமாலையில் 1332 என்னும் அலையெண்ணில் தனித்துக் கூர்மையாக நிற்கும் கோட்டைப் பதிவு செய்தார். இன்றும் ஒரு கல் வயிரமா அன்றா எனத் துணிவதற்கு அக்கோடே முதற்சான்றாகக் கொள்ளப்படுகின்றது. 1933இல் பெங்களூருக்குப் பெயர்ந்த இராமன், நாற்பதுகளில் தம் துறையின் பேருழைப்பை வயிரத்தின்மேல் திருப்பினார். பன்னா முதலிய இடங்களின் வயிரங்களைத் தேடிச் சேர்த்தார். அவர் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் கலைக்கழகத்தின் நடவடிக்கைகளில், 1944, 1946 ஆகிய ஆண்டுகளில், வயிரத்தைப் பற்றிய கட்டுரைத் தொகுதிகள் வெளிவந்தன. பல மாணவர்கள், பல கருவிகள், ஒரே பொருள் என்னும் முறையில் அமைந்த அத்தொகுதிகள் இந்திய அறிவியல் வரலாற்றில் தனித்த இடம் பெறுவன.

இராமனின் விளக்கம் அழகானது. கரியணுக்களின் இருப்பிடம் மாறாதிருக்க, அவற்றைச் சூழ்ந்துள்ள மின்னணுக்களின் அமைதி மட்டும் வேறுபடலாம் என்றார். எண்முகிச் சமச்சீர் உடையன இரண்டு, நான்முகிச் சமச்சீர் உடையன இரண்டு என வயிரத்தின் அமைப்பு நான்காகும். நீல ஒளி காலுவன நான்முகி வகை. ஒளிராதன எண்முகி வகை. இவை ஒரே கல்லுக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமாயின் பச்சையும் மஞ்சளுமான ஒளிர்வுகள் தோன்றும். குற்றம் எனக் கொள்ளத்தக்கதொன்றை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. அதனை ஒழுங்கின் மற்றொரு வடிவமாகவே கண்டார். இயற்கையின் முழுமையில் நம்பிக்கை கொண்ட ஓர் உள்ளத்துக்கு இவ்விளக்கம் இயல்பானது. அதன் வலிமையும் வழுவும் அங்கேயே இருந்தன.

அன்னா மாணியின் நிறமாலைகள்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி 1940இல் உதவித்தொகை பெற்று இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருக்கு ஒப்படைக்கப்பட்டது வயிரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு. முப்பதுக்கும் மேற்பட்ட வயிரங்களின் ஒளிர்வு நிறமாலை, உட்கவர் நிறமாலை, இராமன் நிறமாலை ஆகிய மூன்றையும் அவர் பதிவு செய்தார். வயிரத்தின் ஒளிர்வு மங்கலானது. ஒளிப்படத் தகட்டில் ஒரு கோடு பதிவதற்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் வரை ஒளி படவேண்டியிருந்தது. தாழ்வெப்பத்திலும் அளவீடுகள் தேவைப்பட்டன. இரவுகளில் ஆய்வகத்திலேயே தங்கிப் பணியாற்றியமை அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளால் அறியப்படுகின்றது. 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகளைத் தம் பெயரில் தனித்து வெளியிட்டார்.

அக்காலத்தில் இந்திய அறிவியற் கழகம் தானே பட்டம் வழங்குவதில்லை. ஆகவே அன்னா மாணி 1945இல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஐந்து கட்டுரைகளும் ஒரு முழு ஆய்வேடும் கண்முன் இருக்க, இல்லாத ஒரு தாள் எடை மிகுந்ததாயிற்று. பின்னர் அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவியியல் பயின்று, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். கதிரவ ஆற்றல், காற்றாற்றல் ஆகியவற்றை இந்தியா முழுவதும் அளந்த அறிஞராக நாடு அவரை அறியும். வயிர ஆய்வேடு கட்டமைக்கப்பட்ட ஒரு நூலாக இராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் தங்கியது.

வரலாற்று ஆசிரியர்கள் பலர் இந்நிகழ்ச்சியை ஒரு பெண் ஆய்வாளருக்கு நேர்ந்த தடையாக மட்டும் எடுத்துரைப்பர். அது உண்மையே. ஆயினும் அவ்வளவில் நின்றுவிட்டால் அவ்வேட்டில் எழுதப்பட்டது யாது என்பது மறைந்துபோகின்றது. வயிரத்தின் ஒளிர்விலும் உட்கவர்தலிலும் எதிரொலிப்பதுபோல் இணைந்து வரும் கோடுகளை ஒழுங்குபடுத்தி அளந்தமையே அவர் பணியின் சாரம். அக்கோடுகள் இன்று வயிரத்துள் அமைந்த குறைமையங்களின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. அவர் அளந்தது குறைகளையே. அப்பெயர் மட்டும் அன்று அவற்றுக்கு இல்லை.

இராமச்சந்திரனின் படங்கள்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1942இல் பெங்களூருக்கு வந்தது மின்பொறியியல் பயில்வதற்காக. அவர் அறிவுக்கூர்மையைக் கண்ட இராமன் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழியாக அவர் முதுகலைப் பட்டம் பெற்ற 1944ஆம் ஆண்டிலேயே வயிரத்தின் எக்ஸ் கதிர்த் தலப்படங்கள் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு அகவை இருபத்திரண்டு நிறையவில்லை.

அவர் மேற்கொண்ட முறை எளியது. எக்ஸ் கதிர் ஒரு நுண்புள்ளியிலிருந்து புறப்படுமாறு செய்யப்பட்டது. அக்கதிர் ஒரே அலைநீளம் உடையதன்று. பல அலைநீளங்கள் கலந்தது. அது மெல்லிய வயிரத் தகட்டின்மேல் விரிந்து படும்பொழுது, படிகத்தின் ஒரு தளக்குடும்பம் ஒவ்வோரிடத்திலும் தனக்குப் பொருந்திய அலைநீளத்தைத் தேர்ந்து திருப்பும். திரும்பிய கதிரை ஏற்கும் ஒளிப்படத் தகட்டை உரிய சாய்வில் வைத்தால், வயிரத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் படத்தில் ஒரு புள்ளி நேரும். அதுகாறும் எக்ஸ் கதிர்ப் படம் என்றால் சிதறிக் கிடக்கும் சில கரும்புள்ளிகள் மட்டுமே. ஒரு கல் முழுவதற்கும் சராசரியான செய்தியையே அவை தந்தன. இராமச்சந்திரன் அப்புள்ளி ஒன்றினுள்ளேயே கல்லின் நிலப்படத்தை விரித்தார்.

அப்படத்தில் கருமையின் பொருளும் கருதத்தக்கது. அடுக்கு முற்றிலும் ஒழுங்காக உள்ள இடத்தில், மேல்தளங்கள் திருப்பிய கதிர் உள்தளங்களை அடையும் கதிரைக் குறைத்துவிடும். ஒழுங்கு சற்றுச் சிதைந்து, சிறுசிறு பகுதிகள் ஒன்றுக்கொன்று நுண்ணிய கோண வேறுபாட்டில் நிற்குமாயின், ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே கதிரைத் திருப்பும். ஆகவே ஒழுங்கு குன்றிய இடம் படத்தில் மிகுதியாகப் பதியும். குறை தன்னைத் தானே எழுதிக் காட்டுகின்றது. மணிநூலோர் கண்ணுக்குப் புலனாகாத குற்றங்கள், அதாவது கல்லின் தெளிவையோ ஒளியையோ சிறிதும் கெடுக்காதவை, இங்கு முதன்முறையாகப் பட்டைகளாகவும் கோடுகளாகவும் வெளிப்பட்டன.

இத்தகைய முயற்சிக்கு முன்னோர் இல்லாமலில்லை. ஜெர்மனியில் பெர்க் 1931இல் வேறொரு வகையில் படிகப் பரப்பைப் படமெடுத்திருந்தார். அமெரிக்காவில் பாரெட் 1945இல் உலோகங்களில் அதனைச் செய்தார். ஆயினும் பின்னாளில் அத்துறைக்கு நிலைத்த பெயர், அதாவது தலப்படம் என நாம் தமிழ்ப்படுத்தும் சொல், இராமச்சந்திரனின் 1944ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பில் காணப்படுவதாகும். ஒரே கல்லின் ஒளிர்வுப் படத்தையும் எக்ஸ் கதிர்ப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டமை அவர் செய்த தனிச்சிறப்பு. ஒளிர்வில் தோன்றும் பட்டை எக்ஸ் கதிரிலும் தோன்றிற்று. வேறுபாடு கண்ணின் மயக்கமன்று, அணுக்களின் அடுக்கில் வேரூன்றியது என்பது இதனால் உறுதிப்பட்டது. 1946இல் வயிரத்தின் உள்ளே காணப்படும் மென்தகட்டு வரிகளின் இயல்பையும் தோற்றத்தையும் பற்றி அவர் எழுதினார். ஏகை என்னும் பழஞ்சொல் எக்கோட்டைக் குறித்ததோ அறியோம். கோட்டைக் கண்டு அதற்குக் காரணம் தேடும் வழக்கம் மட்டும் இங்குத் தொடர்ந்தது எனலாம்.

தம் ஆசிரியரின் நால்வகைக் கொள்கையைக் கொண்டே இராமச்சந்திரன் தம் படங்களுக்குப் பொருள் உரைத்தார். இருபது அகவை கடந்த ஒரு மாணவரிடம் வேறு எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அவர் படத்தையும் பொருளையும் கலக்கவில்லை என்பதே இங்கு முதன்மையானது. கல் எது, தளம் எது, படம் எடுத்த முறை எது என அனைத்தும் தனித்துக் கூறப்பட்டன. பொருளை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்பும் பிற்கால ஆய்வாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இது புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தபொழுது தாம் தேர்ந்த பாடத்தை மேலே தந்து, பிற பாடங்களை அடியில் காட்டினார். அவர் தேர்வோடு உடன்படாதவர்க்கும் அப்பதிப்பு பயன்படுகின்றது என்றால், அடிக்குறிப்பே காரணம். ஏடெழுதுவோர் செய்த பிழைகூட, எவ்வேடு எவ்வேட்டிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டது எனக் காட்டும் சான்றாகின்றது. படிகத்தின் குறையும் அவ்வாறே. அது எவ்வாறு வளர்ந்தது என்பதைத் தன்னுள் பதிந்து வைத்துள்ளது.

மறுப்பும் நைட்ரசனும்

இராமனின் படிகக் கொள்கைகளுக்கு எதிர்ப்பு அப்பொழுதே எழுந்தது. எக்ஸ் கதிர்ப் படங்களில் தோன்றிய கூடுதல் புள்ளிகளின் விளக்கத்தில் இலண்டனின் கேத்லீன் லான்ஸ்டேல் அவரோடு முரண்பட்டார். 1935–36இல் பெங்களூரில் இராமனின் விருந்தினராக இருந்த மாக்ஸ் பார்ன், படிக அதிர்வுகள் பற்றிய கொள்கையில் அவருடைய முதன்மையான எதிர்ப்பாளரானார். ஆர்.எஸ். கிருஷ்ணன் பெங்களூரில் பதிவு செய்த வயிரத்தின் இரண்டாம்படி இராமன் நிறமாலையைத் தம் கொள்கைக்குச் சான்றாக இராமன் காட்டினார். அதே நிறமாலையைப் பார்னின் கொள்கையைக் கொண்டே விளக்கமுடியும் என எடின்பரோவில் எலன் ஸ்மித் 1948இல் காட்டினார். இங்கும் பதிவு பெங்களூரினது. நிலைத்த விளக்கம் வேறிடத்தது.

நால்வகை வயிரத்துக்கு முடிவு வந்தது 1959இல். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கைசரும் பாண்டும் முதல் வகை வயிரங்களில் நைட்ரசன் அணுக்கள் கலந்துள்ளன எனக் காட்டினர். அதன் அளவு நூற்றுக்கு 0.2 வரை செல்லும். அகச்சிவப்பில் காணப்படும் உட்கவர்தல் நைட்ரசனின் அளவோடு சேர்ந்து கூடியது, குறைந்தது. வயிரத்தை இரு வகையாக்கியது மின்னணுக்களின் சமச்சீர் அன்று. கரியணுவின் இடத்தில் அமர்ந்த வேற்றணு. அவ்வணுக்கள் தனித்தும், இணைந்தும், திரண்டும் இருக்கும் நிலைகளுக்கு ஏற்ப ஒளிர்வும் நிறமும் மாறுபடுகின்றன. மற்றொன்றும் குறிக்கத்தக்கது. நைட்ரசன் ஏறத்தாழ இல்லாத இரண்டாம் வகை வயிரங்கள் வேதியியல் தூய்மையில் மேம்பட்டவை. ஆனால் அடுக்கின் ஒழுங்கில் அவை பெரும்பாலும் முதல் வகையினும் தாழ்ந்தவை. மாசின்மையும் ஒழுங்கும் ஒன்றல்ல. களங்கத்தையும் ஏகையையும் இருவேறு குற்றங்களாக எண்ணிய மணிநூலோர் இவ்வேறுபாட்டைக் கேட்டு வியந்திருக்கமாட்டார்கள்.

இராமன் தம் கொள்கையை எளிதில் கைவிடவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியிலும் வயிரத்தைப் பற்றி எழுதினார். பேரறிஞர் ஒருவரின் பிடிவாதமாக இதனைக் கூறி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அப்பிடிவாதம் இல்லையேல், இத்தனை கற்கள் சேர்ந்திருக்கமாட்டா, இத்தனை மாணவர்கள் ஒரே கல்லைப் பல கருவிகளால் ஆராய்ந்திருக்கமாட்டார்கள் என்பதையும் உடன் சொல்லியாதல் வேண்டும். பிழையான ஒரு கொள்கை நல்ல அளவீடுகளைத் தூண்டியமைக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இராமச்சந்திரன் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் வூஸ்டரிடம் பயின்று திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். அங்கு அவர் கவனம் கொலாஜன் என்னும் புரதத்தின்மேல் சென்றது. கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் அதன் மும்மடிப் புரியமைப்பை முன்மொழிந்ததும், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் புரத அமைப்புக்குரிய வரைபடத்தை வெளியிட்டதும் உலகறிந்தவை. அவற்றின் புகழால் வயிரப் படங்கள் பின்னொதுங்கின. அவர் விட்ட இடத்தை ஆண்ட்ரூ லேங் ஐம்பதுகளின் இறுதியில் மேலெடுத்துச் சென்று, ஒவ்வொரு தனி இடப்பெயர்ச்சியையும் காட்டவல்ல கருவியை அமைத்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள்ளும் வயிரம் முதன்மையானது.

குறையால் வளர்தல்

இதுகாறும் கூறியது இயற்கை அளித்த படிகத்தில் குறையைக் காணுதல் பற்றியது. படிகத்தை வளர்க்க முற்படுவோர்க்கு அக்குறை வேறொரு முகத்தைக் காட்டிற்று.

படிகம் வளர்வது தளத்தின்மேல் தளமாக. நிறைவான ஒரு தளத்தின்மேல் புதிய அடுக்கு தொடங்குவதற்கு அணுக்கள் ஒரு தீவுபோல் திரளவேண்டும். அதற்குக் கரைசலோ ஆவியோ மிகப் பெரிய அளவில் மீதெவிட்டியிருத்தல் வேண்டும் எனக் கணக்கு கூறிற்று. ஆனால் மீதெவிட்டல் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே இருக்கும்பொழுதும் படிகங்கள் வளர்வதைச் சோதனைகள் காட்டின. கணக்குக்கும் காட்சிக்கும் இடைப்பட்ட இம்முரணை 1949இல் சார்லஸ் ஃபிராங்க் தீர்த்தார். படிகத்தில் திருகு இடப்பெயர்ச்சி என்னும் குறை இருக்குமாயின், அதன் பரப்பில் ஒரு படி எப்பொழுதும் எஞ்சி நிற்கும். வந்து சேரும் அணுக்கள் அப்படியில் அமர, படி சுழன்று சுழன்று மேலேறும், ஒருபொழுதும் தீராது. மாடிப்படி முடியாத கோபுரம் போல்வது அது. குறையற்ற படிகம் அந்நிலையில் வளராது நிற்க, குறையுடையது வளர்கின்றது.

இக்கொள்கைக்குக் கண்கூடான சான்றளித்தோருள் ஒருவர் இந்தியர். இலண்டன் பல்கலைக்கழகத்தில் டோலான்ஸ்கியிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த அஜித் ராம் வர்மா, 1951இல் சிலிக்கன் கார்பைடுப் படிகங்களின் பரப்பில் சுருள்வடிவப் படிகளைக் கண்டு ஒளிப்படம் எடுத்தார். அப்படிகளின் உயரத்தை அளந்தபொழுது 15 ஆங்ஸ்ட்ராம் எனக் கிடைத்தது. அது அப்படிகத்தின் அலகுக்கூட்டின் உயரமே. ஒரு மில்லிமீட்டரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கூறுகளாக்கினால் ஒரு கூற்றின் அளவு அது. 1953இல் படிக வளர்ச்சியும் இடப்பெயர்ச்சியும் என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பின்னர் அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். இந்தியாவில் படிகக் குறைபாட்டு ஆய்வுக்குப் பெங்களூர் ஒரு மூலம் என்றால், வர்மா வழிவந்த வடபுலம் மற்றொரு மூலம். இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியே எழுதப்படுகின்றன, சேர்த்து எழுதப்படவேண்டியவை.

சென்னையின் கண்ணாடிக் குழல்

தமிழகத்தில் இத்துறையின் பிற்கால வளர்ச்சி வயிரத்தைச் சார்ந்ததன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம், பேராசிரியர் பெ. இராமசாமியின் தலைமையில், கரைசலிலிருந்தும் உருகலிலிருந்தும் ஒற்றைப் படிகங்களை வளர்க்கும் கலையைத் தமிழகக் கல்லூரிகள் பலவற்றுக்கும் கொண்டுசென்றது. அவரும் சந்தானராகவனும் எழுதிய பாடநூல் கும்பகோணத்திலிருந்து வெளிவந்து, ஆய்வு மாணவர்களின் கைந்நூலாயிற்று.

பெரிய கருவிகள் இல்லாத கல்லூரியிலும் இப்பணி நிகழ இயலும் என்பதே அதன் பரவலுக்குக் காரணம். பொட்டாசியம் இருஹைட்ரசன் பாஸ்பேட் போன்ற ஓர் உப்பை நீரில் தெவிட்டும் அளவு கரைத்து, வடிகட்டி, வெப்பநிலை மாறாது காத்து, மெல்ல ஆவியாகவிட்டால், சில நாள்களில் சிறு படிகங்கள் தோன்றும். அவற்றுள் தெளிந்த ஒன்றை வித்தாகத் தேர்ந்து புதிய கரைசலில் தொங்கவிடுவர். பின்னர் வேண்டுவது பொறுமை. வெப்பநிலை சற்றே தாவினாலும், வளரும் முகத்தில் கரைசலின் துளி அகப்பட்டுக்கொள்ளும். பாலாடை போன்ற அவ்வெண்மை படிந்த பகுதி லேசர்க் கதிரின் அலைநீளத்தை மாற்றும் பணிக்குப் பயன்படாது. பல வாரங்களின் உழைப்பு அவ்வொரு நாழிகையில் கழிந்துபோகும்.

கா. சங்கரநாராயணனும் இராமசாமியும் 2005இல் வெளியிட்ட முறை இங்குக் குறிக்கத்தக்கது. செங்குத்தாக நிறுத்தப்பட்ட கண்ணாடிக் குழலின் அடியில் வித்துப் படிகம் வைக்கப்படும். மேற்புறத்தில் வளையச் சூடேற்றி கரைப்பானை ஆவியாக்கும். செறிவு மிகுந்த கரைசல் கீழிறங்க, படிகம் குழலை நிரப்பிக்கொண்டு ஒரே திசையில் மேல்நோக்கி வளரும். கரைந்த பொருள் வீணாவதில்லை. வேண்டும் திசையில் வெட்டி எடுக்கும் சேதமும் இல்லை. முதலில் பென்சோஃபீனோன் என்னும் கரிமப் பொருளில் காட்டப்பட்ட இம்முறை, பின்னர்க் கனிமப் படிகங்களுக்கும் பயன்பட்டது. அதனைக் கண்டவர்களின் பெயர் முதலெழுத்துகளால் அம்முறை உலக ஆய்விதழ்களில் வழங்குகின்றது. அவ்வாறு வளர்த்த படிகத்தின் தரத்தைத் துணிவதற்கு எக்ஸ் கதிரின் திரும்பு முனை எவ்வளவு குறுகியது என அளப்பர். முனை அகலுமாயின் படிகம் ஒன்றல்ல, சற்றே பிறழ்ந்த பலவற்றின் தொகுதி என்பது பொருள். வித்தில் ஓர் இடப்பெயர்ச்சி இருந்தால் அது வளரும் படிகத்துள்ளும் தொடர்ந்து செல்லும். ஆகையால் வித்தைத் தேர்வதே பாதி வேலை என்பர் இத்துறையினர். வேளாண்மையின் சொல்லே இங்கும் வழங்குவது தற்செயலாக இருக்கலாம்.

பெயரிடுதல் பற்றி

இவ்வரலாற்றைத் தமிழில் எழுதுங்கால் ஒரு கலைச்சொற் சிக்கல் எழுகின்றது. பாடநூல்கள் படிகக் குறைபாடு என்னும் தொடரை ஆள்கின்றன. மணிநூல் மரபு குற்றம் என்றது. குற்றம் என்பது விலையைக் குறைப்பது. அதனை மதிப்பிட ஒரு வணிகர் இருத்தல் வேண்டும். குறை என்பது எண்ணிக்கையின் சொல். ஓரணு இருக்கவேண்டிய இடம் வெறிதாக இருப்பதை அது நேராகச் சுட்டும். ஆனால் கரியணுவின் இடத்தில் நைட்ரசன் அமர்வது குறையுமன்று, மிகையுமன்று, மாற்று. இராமன் அதனை வகை எனக் கண்டது முற்றிலும் பொருந்தாததும் அன்று என இவ்விடத்தில் தோன்றக்கூடும்.

குறைகடத்தியியலில் வேற்றணுவை வேண்டிச் சேர்க்கும் செயலுக்கு மாசூட்டல் என்னும் சொல் தமிழ்ப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. சோறூட்டல், பாலூட்டல் என்பவற்றோடு ஒத்த அமைப்புடைய இச்சொல்லில், களங்கம் எனப் பழித்த பொருளே ஊட்டி வளர்க்கப்படும் பொருளாகின்றது. ஊர்காண் காதையின் நான்கு குற்றங்களுள் களங்கம் ஒன்றுக்கே இம்மாற்றம் நேர்ந்துள்ளது. காகபாதத்துக்கும் விந்துவுக்கும் ஏகைக்கும் நேரான கலைச்சொற்களை இன்றைய படிகவியல் நூல்கள் இன்னும் ஆளவில்லை. வெடிப்பு, உட்பொதிவு, வளர்வரி எனப் புதியன புனைவதற்கு முன், அடியார்க்குநல்லார் உரையின் மணிச்சொற்களை ஒருமுறை படிகவியலார் துணையுடன் படிக்கவேண்டியுள்ளது.